ஒரு கல்லை எடுத்தால் 25,000 டாலர் அபராதம்: கனடா மலையில் அப்படி என்ன இருக்கிறது?

உள்ளங்கை அகலத்தில் ஒரு கல். பள்ளிக்கூட ஸ்லேட் மாதிரி தட்டை, கறுப்பு கலந்த சாம்பல் நிறம். முதல் பார்வையில் அதில் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் சாய்த்து வெயிலில் பிடித்தால், பென்சிலால் தீற்றியது போல ஒரு மினுமினுப்பு தெரியும். உற்றுப் பார்த்தால் பின்னோக்கி வளைந்த கொம்புகள், மயிரிழை போன்ற கால்கள். பெயர் மர்ரெல்லா. நீளம் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. வயது சுமார் 50.8 கோடி ஆண்டுகள்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு எண்ணம் வரும். 'இங்கேதான் இவ்வளவு கல் கொட்டிக் கிடக்கே, சின்னதா ஒண்ணு எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?'

கனடாவின் தேசியப் பூங்காச் சட்டப்படி அது குற்றம். 25,000 கனடா டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம். நம் பணத்தில் தோராயமாக 15 லட்சம் ரூபாய். அந்த இடத்துக்குத் தனியாகப் போவதும் குற்றமே. அனுமதி பெற்ற வழிகாட்டியுடன், சிறு குழுவாக, குறிப்பிட்ட நாளில் மட்டுமே போக முடியும்.

ஒரு கல்லுக்கு இவ்வளவு கெடுபிடியா? கேட்கும்போது ஓவராகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கற்களை வைத்து விஞ்ஞானிகள் கடந்த நூறு ஆண்டுகளில் எத்தனை முறை தப்பாகச் சொல்லி, எத்தனை முறை திருத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால், இந்தக் கெடுபிடி கொஞ்சமும் அதிகமில்லை என்று புரியும்.

எங்கே இருக்கிறது பர்ஜஸ் ஷேல்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரில் இருக்கிறது யோஹோ தேசியப் பூங்கா. 'யோஹோ' என்பது பூர்வகுடிகளின் கிரீ மொழியில் வியப்பைச் சொல்லும் சொல். தமிழில் 'அடேங்கப்பா' என்போமே, ஏறக்குறைய அதுதான். பூங்காவுக்குள் ஃபீல்ட் என்றொரு குட்டி ஊர். கால்கரி நகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். அந்த ஊருக்கு மேலே, வாப்டா மலைக்கும் ஃபீல்ட் மலைக்கும் நடுவே ஓடும் முகட்டின் சரிவில்தான் புகழ்பெற்ற 'வால்காட் குவாரி' இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர். கிட்டத்தட்ட நம்ம ஊட்டியின் உயரம். என்ன, ஊட்டிக்கு பஸ் போகும், இங்கே நடைதான்.

நடை என்றால் சும்மா நடை இல்லை. டகாக்கா அருவிக்குப் பக்கத்தில் காலையில் கிளம்ப வேண்டும். போக வர சுமார் 21 கிலோமீட்டர், 800 மீட்டருக்கும் அதிகமான ஏற்றம். ஒரு முழுப் பகல், ஏறத்தாழ 11 மணி நேரம் ஓடிவிடும். ஊசியிலைக் காடு, யோஹோ ஏரி, பிறகு மரங்கள் குறைந்து வெறும் கற்சரிவு. கீழே பச்சை மையைக் கொட்டியது போல எமரால்ட் ஏரி. கோடையிலும் திடீரென்று பனி கொட்டும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் சீசன். மற்ற மாதங்களில் பாதை பனிக்குள்.

அவ்வளவு தூரம் ஏறிப் போனால் என்ன இருக்கும்? டைனோசர் எலும்புக்கூடா? இல்லை. மலைச்சரிவில் வெட்டிய ஒரு சின்ன பள்ளம், அதற்குக் கீழே உடைந்த கல் குவியல். அவ்வளவுதான். கோபுரம் போல ஏதாவது எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். டைனோசர்கள் தோன்றுவதற்கு 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே மண்ணில் புதைந்துபோன உயிர்கள் அந்தக் குவியலுக்குள் இருக்கின்றன. நிலத்தில் விலங்கே இல்லாத காலம் அது. இருந்ததெல்லாம் கடலில்.

கடல் எப்படி மலையேறியது?

கேம்பிரியன் காலத்தில் இந்தப் பகுதி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு வெதுவெதுப்பான கடலின் அடியில் இருந்தது. அங்கே நீருக்குள்ளேயே ஒரு செங்குத்தான பாறைச் சுவர். அதன் அடிவாரத்தில் உயிரினங்கள் வாழ்ந்தன. அவ்வப்போது மேலிருந்து மெல்லிய சேறு சரிந்து வந்து அவற்றை அப்படியே மூடியது. நம்மூர் நிலச்சரிவு மாதிரி, ஆனால் தண்ணீருக்குள்.

சாதாரணமாக ஒரு விலங்கு செத்தால் மென்மையான உடல் சில நாள்களில் அழுகிப்போகும். எலும்பு, ஓடு, பல் மட்டுமே மிஞ்சும். அதனால்தான் உலகின் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும் புதைபடிவங்கள் வெறும் ஓடுகள். இங்கே நடந்தது வேறு. ஆக்சிஜன் எட்டாத நுண்சேற்றுக்குள் சட்டென்று புதைந்ததால் அழுகல் தடைப்பட்டது. கண், செவுள், குடல், நரம்பு எல்லாம் கரிப்படலமாகக் கல்லில் பதிந்தன. ஒட்டோயா என்ற புழுவின் குடலுக்குள் அது கடைசியாக விழுங்கிய குட்டி ஓட்டு உயிரினங்கள்கூட வரிசையாகத் தெரிகின்றன. 50 கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு புழு என்ன சாப்பிட்டது என்பது நமக்குத் தெரிகிறது. போன வாரம் நாம் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிற்காலத்தில் கண்டத்தட்டுகளின் நெருக்கலில் கடலடிப் பாறைகள் மடங்கி, கிழக்கே தள்ளப்பட்டு, ராக்கி மலைகளாக எழுந்தன. சேற்றில் புதைந்தவை சிகரத்துக்குப் போன கதை இதுதான்.

ரயில்காரர்களின் 'கல் பூச்சி'

1880-களில் கனடாவின் ரயில் பாதை இந்த மலைகளைக் கடந்து போடப்பட்டது. அங்கே வேலைக்கு வந்தவர்கள், ஃபீல்டுக்கு மேலிருக்கும் ஸ்டீஃபன் மலையில் 'கல் பூச்சிகள்' கிடப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவை டிரைலோபைட்டுகள். 1886-ல் கனடா நிலவியல் துறையின் ரிச்சர்ட் மெக்கானல் அங்கே போய் சேகரித்து வந்தார். அந்தப் பேச்சு அமெரிக்காவரை போயிற்று.

1909 ஆகஸ்ட் கடைசியில், வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர் சார்லஸ் வால்காட் மலைப்பாதையில் மென்னுடல் புதைபடிவங்கள் நிறைந்த கற்களைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 59. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். அவருடைய மனைவியின் குதிரை கால் இடறிய கல்லில்தான் முதல் புதைபடிவம் கிடைத்தது என்று ஒரு அழகான கதை உலவுகிறது. வால்காட்டின் நாட்குறிப்பு அதற்கு ஒத்துவரவில்லை என்பதை ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1989-ல் வெளியிட்ட புத்தகத்தில் எடுத்துக்காட்டினார். இருந்தாலும் அந்தக் குதிரைக் கதையை இன்னமும் பகிர்கிறார்கள். நல்ல கதைக்கு ஃபேக்ட் செக் ஒரு பொருட்டா என்ன?

1924 வரை வால்காட் திரும்பத் திரும்ப வந்தார். மனைவி, மகள், மகன்கள் எல்லோரும் கூடவே உளி பிடித்தார்கள். மகன் சிட்னி கண்டெடுத்த உயிரினத்துக்கு 'சிட்னியா' என்றே பெயர் வைத்தார். மொத்தம் சுமார் 65,000 மாதிரிகள் வாஷிங்டனுக்குப் போயின. பெரும்பாலானவற்றை அவர் ஏற்கெனவே தெரிந்த விலங்கு இனங்களுக்குள் அடக்கிவிட்டார்: இது புழு, அது இறால் வகை, இது ஜெல்லி மீன் என்று. பிறகு பல பத்தாண்டுகள் அவை இழுப்பறைகளிலேயே கிடந்தன.

ஐந்து கண்ணைப் பார்த்துச் சிரித்தவர்கள்

1960-களின் பிற்பகுதியில் ஹாரி விட்டிங்டன் என்ற தொல்லுயிரியலாளர் இந்தக் கற்களை மறுபடி எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். கேம்பிரிட்ஜில் அவருடைய மாணவர்களான டெரெக் பிரிக்ஸ், சைமன் கான்வே மோரிஸ் ஆகியோரும் சேர்ந்துகொண்டார்கள். மெல்லிய ஊசியால் கல்லைத் துளித் துளியாகச் சுரண்டி, ஒரே விலங்கின் வெவ்வேறு மாதிரிகளை வெவ்வேறு கோணத்தில் பார்த்து, காகிதத்தில் முப்பரிமாண உருவத்தைக் கட்டியெழுப்பும் வேலை.

அப்படி வந்ததுதான் ஓபபீனியா. தலையில் ஐந்து கண்கள். முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், அதன் நுனியில் இடுக்கி. 1972-ல் விட்டிங்டன் இதன் படத்தை ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கூட்டத்தில் காட்டியபோது அரங்கமே சிரித்துவிட்டது. அவர் ஜோக் அடிக்கவில்லை. படத்தில் இருந்தது அப்படியே கல்லில் இருந்தது.

அனோமலோகாரிஸ் கதை இன்னும் விசேஷம். 1892-ல் ஸ்டீஃபன் மலையில் கிடைத்த வளைந்த துண்டைப் பார்த்து 'இது இறாலின் உடம்பு' என்றார்கள். அன்னாசிப்பழ வளையம் போன்ற இன்னொரு துண்டை வால்காட் ஜெல்லி மீன் என்று எழுதினார். மூன்றாவதாக ஒன்று கடல் வெள்ளரி என்று பதிவானது. 1985-ல் விட்டிங்டனும் பிரிக்ஸும் இவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். 'இறால்' என்பது இரை பிடிக்கும் கை, 'ஜெல்லி மீன்' என்பது வாய், மூன்றாவது, உடம்பு. அன்றைய கடலைக் கலக்கிய வேட்டை விலங்கு வகையின் உருவம் அப்போதுதான் முழுசாக வெளிவந்தது. அந்தத் துண்டுகளில் ஏதாவது ஒரு வகை யாரோ ஒருவரின் வீட்டு ஷோகேஸுக்குப் போயிருந்தால், இறால் இறாலாகவே இருந்திருக்கும்.

அடுத்தது ஹாலுசிஜீனியா. சில சென்டிமீட்டர் நீளப் புழு போன்ற உடல். ஒரு பக்கம் முட்கள், இன்னொரு பக்கம் மெத்தென்ற குழாய்கள். 1977-ல் கான்வே மோரிஸ் அதை முட்களின் மேல் நடக்கவிட்டார். குழாய்கள் முதுகில் ஆடின. பெயரிலேயே 'மாயத்தோற்றம்' இருந்ததால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. சீனாவின் செங்ஜியாங் பகுதியில் கிடைத்த அதன் உறவினர்களைப் பார்த்த பிறகு, 1991-ல்தான் குட்டு வெளிப்பட்டது: விலங்கு தலைகீழாக நிறுத்தப்பட்டிருந்தது. முட்கள் முதுகில், குழாய்கள்தான் கால்கள்.

நேராக நிமிர்த்தியாயிற்று. முன் எது, பின் எது? ஒரு முனையில் இருந்த கறுப்புப் பொட்டைத் தலை என்று நினைத்திருந்தார்கள். 2015-ல் மார்ட்டின் ஸ்மித்தும் ஜான்-பெர்னார் காரோனும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது புதையும்போது உடலிலிருந்து பிதுங்கிய திரவத்தின் கறை என்று தெரிந்தது. நிஜத் தலை மறுமுனையில் இருந்தது. இரண்டு கண்கள், சிரிக்கிற மாதிரி ஒரு வாய்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தத் திருத்தங்களில் பல, மலையில் புதிதாகத் தோண்டி வந்தவை அல்ல. பல காலமாக அருங்காட்சியக இழுப்பறைகளில் இருந்த கற்களை, புதுக் கருவியோடு, புதுக் கேள்வியோடு திரும்பப் பார்த்ததில் வந்தவை. 1911-ல் யாரிடமும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை. கல் இருந்தது. அதனால் நூறு வருஷம் கழித்தும் கேள்வி கேட்க முடிந்தது.

ஓபபீனியாவில் நல்ல நிலையில் விவரிக்கப்பட்ட மாதிரிகள் இருபதுக்கும் குறைவு. அதில் நாலைந்து டூரிஸ்ட்டுகளின் பையில் போயிருந்தால்? சாவிக்கொத்து வாங்குகிற மாதிரி ஒரு ஆசைதான் அது. ஆனால் விலை, ஓர் உயிரினத்தைப் பற்றி மனிதகுலத்துக்குத் தெரிந்ததில் கால்வாசி.

நமக்கு இதில் என்ன சம்பந்தம்?

பிக்காயா என்று ஒரு விலங்கு. சுமார் ஐந்து சென்டிமீட்டர், இலை மாதிரி தட்டை. 1911-ல் வால்காட் அதைப் புழு என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதன் உடம்பில் தசை மடிப்புகளைப் பார்த்தார்கள். முதுகுநாணிகள் என்ற பெருங்குடும்பத்தின் ஆரம்பகால உறுப்பினர் என்பது 2012-ல் வந்த விரிவான ஆய்வில் உறுதிப்பட்டது. மீன், தவளை, பாம்பு, பறவை, மனிதர் எல்லோரும் அந்தக் குடும்பம்தான். பிக்காயா நம் நேரடிப் பாட்டி என்று சொல்ல முடியாது. தூரத்துப் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளலாம்.

2024-ல் இன்னொரு ஆய்வு வந்தது. அதன்படி இத்தனை நாளும் பிக்காயாவையும் தலைகீழாகத்தான் வரைந்திருக்கிறார்கள்! முதுகுப்பக்க உறுப்பு என்று நினைத்தது உண்மையில் குடல். ஹாலுசிஜீனியாவுக்கு நடந்ததே பெரியம்மாவுக்கும்.

2012-ல் பக்கத்துக் கூட்னே தேசியப் பூங்காவில், யோஹோ தளத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, மார்பிள் கேன்யன் என்ற புதுத் தளம் கிடைத்தது. காரோன் தலைமையிலான குழு 15 நாள் களப்பணியில் 50 வகை உயிரினங்களைக் கண்டது. அதில் மெட்டாஸ்பிரிகினா என்ற ஆதி மீனும் ஒன்று. அதன் செவுள் வளைவுகளில் முதல் ஜோடி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமன். பிற்கால மீன்களின் தாடை இந்த முதல் வளைவிலிருந்து வந்தது என்ற பழைய கருத்துக்கு இது வலு சேர்த்தது. இதைப் படித்துக்கொண்டே நீங்கள் மென்றுகொண்டிருக்கும் முறுக்குக்கு அந்தத் தடிமனுக்கும் தொடர்பு உண்டு.

மார்பிள் கேன்யன் தளத்தின் துல்லியமான இடத்தைக் கனடா வெளியே சொல்லவில்லை. ஜிபிஎஸ் புள்ளியைப் பகிர ஒரு நொடி போதும் என்கிற காலத்தில், அது சரியான முடிவு.

'அப்போ வால்காட் மட்டும் எடுக்கலாமா?'

நியாயமான கேள்வி. ஒரு டூரிஸ்ட் ஒரு கல்லை எடுத்தால் குற்றம். ஒருவர் 65,000 எடுத்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோனால் அது அறிவியலா? வால்காட் காலத்தில் இன்றைய விதிகள் இல்லை என்பது ஒரு பதில்தான், முழுப் பதில் இல்லை. கனடாவின் மிகப் பெரிய இயற்கைச் சொத்துகளில் ஒன்றின் முதல் தொகுப்பு இன்றும் வாஷிங்டனில்தான் இருக்கிறது. கனடாக்காரர்களுக்கு இதில் மனக்குறை இருந்தால் தப்பில்லை. டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் 1975-ல் டெஸ்மண்ட் காலின்ஸ் தலைமையில் களமிறங்கிய பிறகுதான் கனடாவுக்குள்ளேயே பெரிய தொகுப்பு உருவானது. இன்று அங்கே 1,50,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன.

ஆனால் வால்காட் எடுத்ததற்கும் டூரிஸ்ட் எடுப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வால்காட்டின் கல்லுக்கு எண் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் போய்ப் பார்க்கலாம். அதனால்தான் அவருடைய தப்பை மற்றவர்கள் திருத்த முடிந்தது. ஷோகேஸில் இருக்கும் கல்லில் யாரும் தப்பு கண்டுபிடிக்க மாட்டார்கள். ஏனென்றால் யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

இன்னொரு வாதம்: 'மலையில கிடந்தா பனியும் வெயிலும் சேர்ந்து எப்படியும் நொறுங்கத்தானே போகுது? எடுத்தா காப்பாத்தின மாதிரி ஆச்சே?' நொறுங்குவது உண்மை. ஆண்டுதோறும் உறைந்து, உருகி, பிளந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் உதிர்ந்த கல் என்றால் குப்பை என்று அர்த்தமில்லை. 1975-ல் டொரன்டோ குழு முதலில் பொறுக்கியதே குவாரிக்குக் கீழே சரிந்து கிடந்த கற்களைத்தான். அதிலேயே ஆயிரக்கணக்கான மாதிரிகள் கிடைத்தன. நீங்கள் காலால் தள்ளிவிடும் துண்டு இன்னொரு ஓபபீனியாவாக இருக்கலாம்.

1980-ல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. பிறகு ராக்கி மலைப் பூங்காக்கள் மொத்தமும் அந்தப் பட்டியலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. பட்டம் மட்டும் எதையும் காப்பாற்றாது. பூட்டும் காவலும் வேண்டும். கனடா அதைச் செய்கிறது.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று சொல்லலாம். 11 மணி நேரம் மலையேற உடம்பு ஒத்துழைக்க வேண்டும், கையில் காசும் லீவும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் எல்லோரும் தானாகவே பட்டியலில் இருந்து கழன்றுவிடுகிறார்கள். கூட்னே பூங்காவின் ஸ்டான்லி பனியாறு பாதை இதைவிட எளிது, தூரம் பாதிதான். ஆனாலும் அதுவும் மலைதான். டொரன்டோ அருங்காட்சியகம் 2021-ல் 'டான் ஆஃப் லைஃப்' என்ற அரங்கத்தைத் திறந்து இந்தக் கற்களை நகரத்துக்கு நடுவில் கொண்டுவந்தது. மலையைத் திறந்துவிடுவதைவிட இந்த மாதிரி அரங்கங்களைப் பெருக்குவதுதான் சரியான வழி.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வால்காட் குவாரி, ஸ்டீஃபன் மலை, ஸ்டான்லி பனியாறு என்று மூன்று பாதைகள் பிரபலம். கனடா பூங்கா நிர்வாகமும் பர்ஜஸ் ஷேல் ஜியோசயின்ஸ் ஃபவுண்டேஷனும் நடத்துகின்றன. ஸ்டீஃபன் மலை தூரம் குறைவு, ஆனால் ஏற்றம் செங்குத்து. டிரைலோபைட்டுகள் காலடியில் கொட்டிக் கிடப்பது அங்கேதான். ஆண்டின் தொடக்கத்திலேயே முன்பதிவு செய்வது நல்லது. கோடைக்காலம் நெருங்க நெருங்க இடம் கிடைப்பது கஷ்டம். மழைக்கோட்டு, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ, நாள் முழுவதற்குமான சாப்பாடு, தண்ணீர் எல்லாம் நீங்களே சுமக்க வேண்டும். வழியில் டீக்கடை கிடையாது. போனில் சிக்னலை நம்ப வேண்டாம்.

கல்லைத் தொடலாம். கையில் எடுத்துப் புரட்டலாம். எவ்வளவு போட்டோ வேண்டுமானாலும் எடுக்கலாம். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.